தனிக் கிளை வந்துவிட்டால் துணையினமா? தீவுப் பல்லிகளும் மரபணுச் சான்றும்

மார்ச் 4, கேள்வி

ஒரு பெரிய தீவு, அதன் கரையை ஒட்டி ஒரு பாறைத்திட்டு. இரண்டிலும் ஒரே இனப் பல்லி. திட்டில் 6, பெரிய தீவின் கிழக்குக் கரையில் 10 என மாதிரி எடுத்து சைட்டோகுரோம் பி மரபணுவை முழுதாக, 1,140 டி.என்.ஏ. எழுத்துகளும், படித்தாயிற்று. அதைக் கொண்டு வரைந்த உறவு மரத்தில் திட்டுப் பல்லிகள் ஆறும் ஒரே கிளையில் நிற்கின்றன. கிழக்குக் கரைப் பல்லிகளிடமிருந்து 7 இடங்களில் மாறாத வேறுபாடு. உடலும் கருமை. துணையினம் (ஓர் இனத்துக்குள் தனிப்பெயர் பெறும் பிரிவு) என்று பெயரிட என்ன தடை? ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் வாழும் போடார்சிஸ் லில்ஃபோர்டி என்ற பல்லிக்கு இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட துணையினங்கள் இருக்கின்றனவே.

மார்ச் 4, இரவு

தடை இருக்கிறது. சிறு திட்டில் தனிக் கிளை வருவது அதிசயமல்ல. வராமல் இருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

கணக்கு இதோ. சைட்டோகுரோம் பி இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லின் ஆற்றல் உறுப்பு, அதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு). அது தாய்வழி மட்டுமே போகும். ஒரு கூட்டத்தின் எல்லாத் தாய்வழிகளும் பின்னோக்கிப் போய் ஒரே மூதாயில் சேரச் சராசரியாகப் பெண்களின் எண்ணிக்கையைப்போல இரு மடங்கு தலைமுறை போதும். திட்டில் 500 பல்லி என்று வைத்தால் பெண்கள் 250. ஆக 500 தலைமுறை. ஒரு தலைமுறைக்கு 2 ஆண்டு என்றால் 1,000 ஆண்டு. எந்தத் தகவமைப்பும் இயற்கைத் தேர்வும் தேவையில்லை. பிறப்பு இறப்பின் தற்செயலே மற்றத் தாய்வழிகளை அழித்து ஒன்றை மட்டும் மிச்சம் வைத்துவிடும்.

பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. திட்டுக்கும் தீவுக்கும் நடுவிலுள்ள கால்வாயின் ஆகக் குறைந்த ஆழத்தைக் கடலாழ வரைபடத்தில் பாருங்கள். 30 மீட்டர் என்றால் பிரிந்து ஏறத்தாழ 9,000–10,000 ஆண்டு (நிலம் உயர்ந்து தாழும் எரிமலைப் பகுதியில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது). 1,000 ஆண்டில் முடிகிற வேலைக்குப் பத்து மடங்கு நேரம் கிடைத்திருக்கிறது.

மார்ச் 5

மேலே ஒரு திருத்தம். 500 என்று போட்டது தலை எண்ணிக்கை. கணக்கில் வர வேண்டியது செயல்திறன் எண்ணிக்கை, அதாவது அடுத்த தலைமுறைக்கு உண்மையில் மரபணு கொடுப்பவை. வறட்சி ஆண்டுகளில் கூட்டம் சுருங்கும் திட்டுகளில் அது தலை எண்ணிக்கையைவிட வெகுவாகக் குறையும். ஆக 1,000 ஆண்டு என்பதுகூடத் தாராளமான மதிப்பீடு.

மார்ச் 5, மாலை

அந்த 7 வேறுபாடுகளைச் சும்மா விட்டுவிட்டேன். கேள்வியில் உள்ள முக்கியமான எண் அதுதான்.

7-ஐ 1,140-ஆல் வகுத்தால் 0.6%. பல்லிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரு வழிகளுக்கிடையே 10 லட்சம் ஆண்டுக்கு 2% என்ற தோராய வேகத்தை வைத்தால், இந்த வேறுபாடு சேர 3 லட்சம் ஆண்டு வேண்டும். திட்டு பிரிந்ததோ 10,000 ஆண்டுக்குள். அந்தக் காலத்தில் எதிர்பார்க்கத்தக்கது சராசரியாகக் கால் பங்கு மாற்றம்தான். ஒன்றுகூட முழுதாக இல்லை. வேகத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டினாலும் 7 வராது.

அப்படியானால் அந்த 7 மாற்றங்களும் திட்டில் பிறந்தவை அல்ல. திட்டு கரையோடு ஒட்டியிருந்த காலத்திலேயே அந்தத் தாய்வழி இருந்திருக்கிறது. அது பெரிய தீவில் இன்றும் எங்கோ இருக்கலாம், கிழக்குக் கரையில் மட்டும் அகப்படாமல் போயிருக்கலாம். மரபணு பிரிந்த காலமும் கூட்டம் பிரிந்த காலமும் வேறு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் தீவுப் பல்லி வகைப்பாட்டில் ஆகப் பழைய பிழை.

மார்ச் 7

"எத்தனை மாதிரி போதும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கூட்டத்தில் 10% அளவில் நிலவும் ஒரு ஹாப்லோடைப் (மைட்டோகாண்ட்ரியா வரிசையின் ஒரு வடிவம்), 6 மாதிரிகளில் ஒன்றில்கூடத் தென்படாமல் போக வாய்ப்பு 0.9-இன் ஆறாம் அடுக்கு: 53%. நாணயத்தைச் சுண்டுவது போலத்தான். 10 மாதிரியில் 35%, 30 மாதிரியில் 4%. எனவே மைட்டோகாண்ட்ரியாவுக்குத் திட்டில் 30. பெரிய தீவில் ஒரே கரையில் 30 எடுத்துப் பயனில்லை. ஐந்தாறு இடங்களில் பிரித்து எடுக்க வேண்டும். செல்லின் உட்கருவிலுள்ள மரபணுவுக்கு, தாயிடமிருந்து ஒன்று தந்தையிடமிருந்து ஒன்று என ஒரு பல்லியிலேயே இரண்டு படி இருப்பதால் 15 பல்லிக்கே அந்தப் பலன் கிடைக்கும்.

ஒரே கல்லின் அடியில் பிடித்த ஐந்து குட்டிகளை ஐந்து மாதிரியாக எண்ணக்கூடாது. உடன்பிறப்புகள் சேர்ந்தால் கூட்டம் இல்லாத இடத்தில் கூட்டம் தெரியும். பிடித்த இடங்களுக்கிடையே சில பத்து மீட்டராவது இடைவெளி விடுங்கள்.

மார்ச் 8

களமும் ஆய்வகமும், ஒரே இடத்தில் கிடக்கட்டும்.

வால் நுனியில் 5 மில்லிமீட்டர் போதும். நீளமாக வெட்டாதீர்கள், பல பல்லிகள் கொழுப்பை வாலில்தான் சேமிக்கின்றன, உணவு குறைந்த திட்டில் அது பெரிய இழப்பு. துண்டை உடனே 95% அல்லது அதற்கு மேற்பட்ட எத்தனாலில் போட வேண்டும், திசுவைப்போல பத்து மடங்கு அளவில். தோல் தடித்த துண்டானால் குறுக்கே ஒரு கீறல் இடுங்கள். 24 மணி நேரம் கழித்து எத்தனாலை மாற்றுங்கள். திசுவிலிருந்து வெளிவரும் நீர் முதல் எத்தனாலை நீர்த்துவிடும், பல மாதிரிகள் கெடுவது இந்த ஒரு படியைத் தவறவிட்டதால்தான். மெத்திலேட்டட் ஸ்பிரிட் வேண்டாம், அதில் கலந்துள்ள பொருள்கள் டி.என்.ஏ.வைக் கெடுக்கும். முழு உடலையும் அருங்காட்சியகத்துக்கு எடுப்பதானால் ஃபார்மலின் ஏற்றுவதற்கு முன்பே கல்லீரலையோ தசையையோ தனியாக எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பல்லிக்கும் கத்தரியைத் தீயில் காட்டுங்கள் அல்லது பிளீச்சில் துடைத்துக் கழுவுங்கள்.

டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க: திசு கரைக்கும் கரைசல் 180 மைக்ரோலிட்டர், புரோட்டினேஸ் கே (மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்) 20 மைக்ரோலிட்டர், 56 டிகிரியில் இரவு முழுதும். செதில் மிச்சம் மிதந்தால் கவலை வேண்டாம். தசை கரைந்ததா என்று மட்டும் பாருங்கள். கடைசியில் டி.என்.ஏ.வை 200-க்குப் பதில் 100 மைக்ரோலிட்டர் கரைசலில் இறக்கினால் செறிவு கூடும்.

பி.சி.ஆர். (வேண்டிய டி.என்.ஏ. துண்டைப் படியெடுத்துப் பெருக்கும் வினை): 94 டிகிரி 3 நிமிடம், பிறகு 94-இல் 30 நொடி, 50-இல் 30 நொடி, 72-இல் 1 நிமிடம் என 35 சுற்று, கடைசியில் 72-இல் 7 நிமிடம். ஜெல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டை வந்தால் 50 டிகிரி என்று போட்ட படியின் வெப்பநிலையை இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றுங்கள். டி.என்.ஏ. விடாத வெற்றுக் குழாயிலும் பட்டை வந்தால் அன்றைய தொகுதி முழுவதையும் தூக்கி எறிய வேண்டும். "மங்கலாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது.

மார்ச் 9

விட்டுப்போனது: மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் பழைய படிகள் உட்கருவுக்குள் குடியேறியிருக்கும். பி.சி.ஆர். சில சமயம் அவற்றைப் பெருக்கிக் கொடுத்துவிடும். சைட்டோகுரோம் பி வரிசையை அமினோ அமிலமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தாலோ, ஓர் எழுத்து கூடிக் குறைந்து சட்டகம் நகர்ந்தாலோ, வரைபடத்தில் பல இடங்களில் இரட்டை உச்சி தெரிந்தாலோ அது மைட்டோகாண்ட்ரியா அல்ல. அந்தப் போலி வரிசையை மரத்தில் ஏற்றினால் அழகான, ஆழமான, முற்றிலும் பொய்யான ஒரு "துணையினம்" கிடைக்கும்.

மார்ச் 12

கேனரித் தீவுகளில் ஒன்றான தெனரீஃப் பற்றிக் கேட்டதற்கு. காலோடியா காலோடி பல்லியின் மைட்டோகாண்ட்ரியா அங்கே கிழக்கு மேற்காகப் பிரிகிறது. அனாகா, தேனோ போன்ற பழைய எரிமலை மேடுகள் ஒரு காலத்தில் தனித்தனித் தீவுகளாக இருந்து, நடுவில் எழுந்த எரிமலையால் பின்னர் ஒன்றானவை. பிரிவு அந்த வரலாற்றோடு பொருந்துகிறது. உடல் நிறமும் கோலமுமோ வடக்கு தெற்காக மாறுகின்றன: வடக்கு ஈரம், தெற்கு வறட்சி. ஒரே பல்லியில் இரண்டு கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டு துணையின எல்லை போட்டால் உடலமைப்பு மறுக்கும். உடலமைப்பைக் கொண்டு போட்டால் மைட்டோகாண்ட்ரியா மறுக்கும்.

கரீபியக் கடலின் மார்டினிக் தீவில் வாழும் அனோலிஸ் ரோகெட் என்ற பல்லி இன்னும் தெளிவான பாடம். அந்தத் தீவும் பழைய தீவுகள் இணைந்து உருவானதே. தனித்தனியே இருந்த காலத்தில் பிரிந்த மைட்டோகாண்ட்ரியா வழிகள் இன்று சந்திக்கும் இடங்களில் உட்கரு மரபணுக்கள் தாராளமாகக் கலக்கின்றன. கரையோரக் காட்டுக்கும் மலைக்காட்டுக்கும் இடையேதான் கலப்பு குறைகிறது. 2010-இல் வெளியான இந்த முடிவு, ஆழமான கிளை இருந்தால் தடையும் இருக்கும் என்ற நம்பிக்கையை நேரடியாக உடைத்தது.

மார்ச் 14

இரண்டாம் யோசனை. "மைட்டோகாண்ட்ரியா போதாது, உட்கருவைப் பார்" என்றுதான் எல்லோரும் சொல்வோம். சிறு திட்டில் அதுவும் முழு மருந்தல்ல.

உட்கரு மரபணு ஒன்று ஒரே மூதாதைப் படியில் சேரச் சராசரியாக எண்ணிக்கையைப்போல நான்கு மடங்கு தலைமுறை. செயல்திறன் எண்ணிக்கை 500 என்றால் 2,000 தலைமுறை, அதாவது 4,000 ஆண்டு. 10,000 ஆண்டு தனித்திருந்த திட்டில் அதுவும் முடிந்திருக்கும். ஆயிரக்கணக்கான எஸ்.என்.பி. (பல்லிக்குப் பல்லி ஓர் எழுத்து மாறும் இடங்கள்) எடுத்தாலும் திட்டு தனியாகத்தான் நிற்கும். இரு கூட்டங்களின் மரபணு வேறுபாட்டை 0 முதல் 1 வரை அளக்கும் எஃப்.எஸ்.டி. 0.3, 0.4 என்று மிரட்டும்.

எஃப்.எஸ்.டி. எதைச் சொல்கிறது என்று பாருங்கள். திட்டுக்குள் பன்மை அழிந்தாலே அந்த எண் ஏறிவிடும், புதிதாக எதுவும் தோன்றியிருக்க வேண்டியதில்லை. எனவே பக்கத்திலேயே டி.எக்ஸ்.ஒய். மதிப்பையும் போடுங்கள்: திட்டிலிருந்து ஒரு படி, தீவிலிருந்து ஒரு படி எடுத்தால் சராசரியாக எத்தனை எழுத்து மாறும் என்பது. எஃப்.எஸ்.டி. உயர்ந்து, டி.எக்ஸ்.ஒய். பெரிய தீவின் உள்பன்மை அளவிலேயே நின்றால், நடந்தது இழப்பு மட்டுமே. டி.எக்ஸ்.ஒய். கணக்கில் மாறாத எழுத்துகளையும் சேர்க்க வேண்டும். மாறும் இடங்களை மட்டும் வடிகட்டி வைத்த கோப்பில் கணக்கிட்டால் எண் ஊதிப்போகும். தரவு விடுபட்ட இடங்களை மாறாதவை என்று எண்ணினால் சுருங்கிப்போகும்.

அடுத்து, திட்டுக்கே உரிய மாற்றுருக்கள் (ஒரே மரபணு இடத்தின் வேறு வேறு வடிவங்கள்). திட்டில் உள்ளவை எல்லாம் பெரிய தீவில் உள்ளவற்றின் ஒரு பகுதிதான் என்றால் அது கழித்தல். வேறெங்கும் இல்லாத புதியவை கணிசமாக இருந்தால் அது காலம். துணையினத்துக்கு வேண்டியது இந்த இரண்டாவது. ஆனால் பெரிய தீவைச் சரியாகத் துழாவாமல் "வேறெங்கும் இல்லை" என்று சொல்ல முடியாது. சுற்றிச் சுற்றி மார்ச் 7 குறிப்புக்கே வருகிறோம்.

மார்ச் 15

எஸ்.என்.பி. தரவை வடிகட்டும் அளவுகள் கேட்டவருக்கு: ஓரிடத்துக்குக் குறைந்தது 10 முறை வாசிப்பு, பாதிக்கு மேல் தரவு விடுபட்ட பல்லியை நீக்குதல், ஒரு டி.என்.ஏ. துண்டுக்கு ஒரே ஓர் எஸ்.என்.பி. அரிய மாற்றுரு வரம்பு 5% (அதற்குக் குறைவாக நிலவுபவற்றை நீக்குவது) என்பது கூட்டங்களைப் பிரித்துப் பார்க்கச் சரி. திட்டுக்கே உரிய மாற்றுருக்களை எண்ணும்போது அந்த வரம்பை எடுத்துவிடுங்கள். தேடுவதையே வாசலில் தடுத்துவிடும்.

மார்ச் 18

மென்பொருள்கள். மரபணுவை வைத்துப் பல்லிகளைக் கூட்டங்களாகப் பிரிக்கும் ஸ்ட்ரக்சர் போன்றவற்றில், கூட்டங்களின் எண்ணிக்கையை (கே) தேர்ந்தெடுக்க உதவும் டெல்டா கே பார்த்து "இரண்டு கூட்டம்" என்று எழுதும் பழக்கம் நிற்க வேண்டும். 2005-இல் வந்த அந்த அளவுகோல், ஒரே கூட்டம்தான் என்ற வாய்ப்பை மதிப்பிடவே முடியாத அமைப்பு. இரண்டின் பக்கம் சாயவும் செய்யும். எல்லா கே மதிப்புகளின் படத்தையும் போடுங்கள், ஒவ்வொன்றும் குறைந்தது 10 ஓட்டம்.

தூரம் கூடக்கூட மரபணு படிப்படியாக மாறும் தீவில், இரு முனைகளில் மட்டும் மாதிரி எடுத்தால் மென்பொருள் இரண்டு கூட்டம் காட்டும். நடுவில் எடுத்தால் அந்தக் கோடு மறையும். பல பழைய துணையினங்கள் சாலை வசதி இருந்த இரு முனைகளின் விளைவு.

பி.பி.பி. போன்ற இன எல்லை மென்பொருள்கள் கண்டுபிடிப்பது கூட்டங்களின் அமைப்பைத்தான், இனத்தை அல்ல என்று 2017-இல் தெளிவாகக் காட்டியாயிற்று. தரவு கூடக்கூட ஒவ்வொரு பாறையும் தனி இனமாகும். இரு கூட்டங்கள் எவ்வளவு பிரிந்துள்ளன என்று சொல்லும் ஜி.டி.ஐ. என்ற குறியீட்டைச் சேர்த்துப் பார்க்கலாம்: 0.2-க்குக் கீழே ஒரே இனம், 0.7-க்கு மேலே தனி இனம், நடுவில் முடிவு சொல்ல முடியாது. தீவுத் துணையினங்கள் பெரும்பாலும் அந்த நடுவில்தான் விழும். அந்த எண்ணும் கூட்டம் சிறிதானால் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

மார்ச் 21

கருமை நிறம். அதை முதல் நாளிலிருந்தே ஒதுக்கி வைத்திருந்தேன், காரணம் சொல்கிறேன்.

1971-இல் அட்ரியாட்டிக் கடலின் போட் கோப்பிஷ்டே திட்டிலிருந்து ஐந்து ஜோடி போடார்சிஸ் சிகுலஸ் பல்லிகளைப் பக்கத்துத் திட்டான போட் ம்ர்ச்சாருவில் விட்டார்கள். 36 ஆண்டுக்குள் அவற்றின் வழித்தோன்றல்களின் தலை பெரிதாகிவிட்டது, கடிக்கும் விசை கூடிவிட்டது, தாவரம் தின்பது அதிகரித்துக் குடலில் தடுப்பு மடிப்புகள்கூட வந்துவிட்டன. மைட்டோகாண்ட்ரியாவில் இரு திட்டுகளுக்கும் வேறுபாடு இல்லை. பழைய அளவுகோல்படி அருங்காட்சியகத் தட்டில் இரண்டையும் அடுக்கி வைத்தால் ஒருவர் தயங்காமல் பெயர் வைத்திருப்பார்.

கருமையும் அப்படித்தான். தொடர்பில்லாத பல திட்டுகளில் கருநிறப் பல்லிகள் தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன. லில்ஃபோர்டியின் பெயர்மூலத் துணையினமே (இனத்தின் பெயரையே தாங்கியது) பலேரிக் தீவான மெனோர்காவுக்கு அருகிலுள்ள ஐரே தீவின் கருப்புப் பல்லிதான். நிறத்தை வைத்து இனம் சேர்த்தால் உறவில்லாதவை ஒன்றாகும்.

உடலமைப்பை ஏற்க வேண்டுமானால் பழைய 75 சதவீத விதி இன்றும் உதவும்: ஒரு கூட்டத்தின் முக்கால் பங்கை மற்றதன் ஏறக்குறைய எல்லாவற்றிடமிருந்தும் பிரித்தறிய முடிய வேண்டும். சராசரிகள் மாறுவது போதாது. 200 பல்லி அளந்தால் எந்தச் சராசரியும் புள்ளியியல்படி மாறித்தான் காட்டும்.

மார்ச் 27

"அப்படியானால் எதையுமே துணையினம் என்று சொல்லக்கூடாதா?" என்ற கோபம் நியாயமானது. சொல்லலாம். கலாபகோஸ் கடல் இகுவானாவை 2017-இல் 11 துணையினங்களாகத் திருத்தி அமைத்தார்கள், அதில் 5 புதியவை. மைட்டோகாண்ட்ரியா, உட்கரு, உடலமைப்பு எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டார்கள். அதில் மனதைக் கவர்வது சான் கிறிஸ்டோபல்: ஒரே தீவில் இரண்டு துணையினம். வடகிழக்கில் இருப்பதற்கு காட்ஸில்லா என்றே பெயர். கடல் தடை இல்லாத ஒரே கரையில் இருந்தும் மரபணுவில் பிரிந்து நிற்கின்றன என்பதுதான் அங்கே சான்றின் வலிமை. தனித்திட்டுக்கு அந்த வலிமை கிடையாது. அங்கே கலக்க வாய்ப்பே இல்லாததால் கலக்கவில்லை என்பது எதையும் நிரூபிக்காது.

மறுபக்கமும் உண்டு. கிராண்ட் கேமன் நீல இகுவானா பல்லாண்டுகள் கியூபா இகுவானாவின் துணையினமாகவே வைக்கப்பட்டிருந்தது, 2004-இல் தனி இனமாயிற்று. நியூசிலாந்தின் துவாட்டாராவுக்கு (பல்லியல்ல, பல்லிகளின் தூரத்து உறவு) 1990-இல் இரண்டு இனம் என்றார்கள்; நார்த் பிரதர் தீவில் இருப்பது தனி என்று. கூடுதல் மரபணுத் தரவோடு 2010-இல் மீண்டும் ஒரே இனம் ஆனது. சிறு தீவில் நெருக்கடியில் பன்மை இழந்த கூட்டம் எவ்வளவு தனித்துத் தெரியும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

ஏப்ரல் 3

பெயரிடும் விதிகள், சுருக்கமாக. துணையினம் விலங்குப் பெயர்ச் சட்டம் ஆளும் ஆகக் கீழான படி; அதற்குக் கீழே வைக்கும் பெயருக்கு மதிப்பில்லை. பழைய பெயர் ஏதும் அந்தத் திட்டுக்கு ஏற்கெனவே உண்டா என்று முதலில் தேடுங்கள், இருந்தால் முன்னுரிமை அதற்கே. வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் எழுத வேண்டும். மரபணுவாலும் எழுதலாம்: எந்த மரபணு, எந்த மேற்கோள் வரிசைப்படி எத்தனையாவது இடம், எந்த எழுத்து. "மரத்தில் தனிக் கிளை" என்பது பண்பு அல்ல. மூலமாதிரி (பெயருக்கு ஆதாரமாக வைக்கப்படும் உடல்) எந்தச் சேகரிப்பில் உள்ளது என்று குறிப்பிட வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு கட்டாயம்.

ஏப்ரல் 10, கேள்வி கேட்டவர் மீண்டும்

பெரிய தீவில் ஐந்து இடங்களில் 30 எடுத்தோம். மேற்குக் கரையில் 2 பல்லிகளில் திட்டின் அதே ஹாப்லோடைப், 1,140 எழுத்தும் அச்சு அசல்.

ஏப்ரல் 10, இரவு

நல்ல வேலை. பெயரை இப்போது வைக்க வேண்டாம். தனிக் கிளை என்ற சான்று போய்விட்டது. திட்டைப் பாதுகாப்பு அலகாக வைக்க அது தடையில்லை. எண்ணிக்கையும் தனிமையும் அழியும் அபாயமும் இருந்தால் பெயர் இல்லாமலே தனியாகக் கண்காணிக்கலாம். பலேரிக் தீவுகளில் ஒன்றான ஈபிசாவில் 2003-இலிருந்து அலங்கார ஒலிவ மரங்களோடு வந்து சேர்ந்த குதிரைலாடப் பாம்பு அங்குள்ள போடார்சிஸ் பிட்யூசென்சிஸ் பல்லிகளைத் தின்று தீர்க்கிறது. அந்தப் பல்லிகளுக்குப் பெயர் எதுவானாலும் பாம்புக்கு ஒன்றுதான்.

ஏப்ரல் 11

நேற்று அவசரப்பட்டேன். அச்சு அசல் ஒன்று என்பதே யோசிக்க வைக்கிறது. அந்த இரண்டும் துறைமுகத்துக்கோ படகுத்துறைக்கோ பக்கத்தில் பிடித்தவையா? திட்டிலிருந்து படகில் வந்த பல்லிகளின் பிள்ளைகள் என்றால், தனிக் கிளை போய்விட்டது என்று நான் சொன்னது தவறு. பிரித்தறிய வழி இருக்கிறது. அந்த இரண்டின் உட்கரு எஸ்.என்.பி.களைப் பாருங்கள். மரபணுத்தொகை முழுதும் திட்டின் சாயல் என்றால் புதிதாக வந்தவை. பாதி பாதி என்றால் ஒரு தலைமுறைக் கலப்பு. முழுக்க மேற்குக் கரைச் சாயலில் மைட்டோகாண்ட்ரியா மட்டும் இது என்றால் பழைய தாய்வழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதோடு அதே கரையில், படகுத்துறையிலிருந்து தள்ளி இன்னும் 20 எடுங்கள். பிடித்த இடத்தின் குறிப்பை ஒவ்வொரு வரிசையோடும் சேர்த்தே தரவு வங்கியில் ஏற்றுங்கள், "மேற்குக் கரை" என்று மட்டும் எழுதாமல்.